பூனை வலை

லெம்விக்கில் ரொட்டிக்கடை வாசலில், சாரல் அடிக்கிற நாளில்கூட, ஒரு குழந்தை வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி காவல்காரி மாதிரி நிற்பதைப் பார்த்தால், சந்தேகமே வேண்டாம், அது குட்ருன்தான். வண்டி அவளுடையது அல்ல. உள்ளே தூங்கும் குழந்தைக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெற்றவள் கடைக்குள் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். குழந்தை வெளியே குளிர்காற்றில் சுகமாகத் தூங்கும். டென்மார்க்கில் பிறந்த எல்லாருமே இப்படி வாசலில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். அதற்கு ஒரு காவல் வேண்டும் என்று குட்ருனைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியதில்லை.

“என்ன குட்ருன், போலீஸ்ல சேந்துட்டீங்களா?” என்று ரொட்டிக்கடைக்காரன் உள்ளேயிருந்து சீண்டுவான்.

“காத்து வாங்கறேன். நீ உன் வேலையப் பாரு” என்பாள். கடலிலிருந்து வருகிற அந்தக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகும். அதை வாங்குகிறாளாம்!

ஊர் வாய் சும்மா இருக்குமா? பிள்ளை இல்லாத ஏக்கம் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேச்சு இது! அவளுக்கு முழுசாக இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் வளர்ந்து ஆளாகித் தனிக்குடித்தனம் போயாயிற்று. மறை கழன்ற கேஸ் என்று சிலர். அதுவும் கிடையாது. முதியோர் இல்லத்தில் மருந்து அலமாரிச் சாவியை யாரிடம் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, நிர்வாகி யோசிக்காமல் அவள் பேரைத்தான் சொன்னார். பக்கத்து வீட்டார் வெளியூர் போனால் நாய், பூனை, பூந்தொட்டி எல்லாம் அவள் பொறுப்பு. ‘குட்ருன்கிட்ட சொல்லிட்டா கவலையில்ல’ என்பது அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே ஊரில் வழங்குகிற பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவள் குனிந்து செருப்பைப் பார்ப்பாள். அதற்கான காரணம் ரோமில் இருக்கிறது.

அப்போது அவளுக்கு இருபது வயது. பாதியில் விட்ட படிப்பை முடிப்பதற்காக ஊரில் நடந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். மீன்பிடிப் படகில் போய்வந்தவன், கடையில் நின்றவள், பன்றிப் பண்ணையில் இருந்தவன் என்று கலவையான கூட்டம் அது. கூடவே லோனெ. குட்ருனும் லோனெயும் சின்ன வயதிலிருந்து ஒரே தெரு. லோனெக்கு அந்தக் குளிர்காலத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையின் அப்பன் எண்ணெய்க் கப்பலில் வேலை என்று போனவன், போனவன்தான். ஞானஸ்நானத்தின் போதுதான் பெயரை வெளியே சொல்வது என்று லோனெ பிடிவாதமாக இருந்ததால், வகுப்பில் எல்லாரும் குழந்தையைப் ‘பொடிசு’ என்றே கூப்பிட்டார்கள்.

வசந்தத்தில் வகுப்போடு வெளிநாட்டுக்கு ஒரு சுற்றுலா உண்டு. பேருக்குப் படிப்புச் சுற்றுலா. ஒவ்வொருவரும் அங்கே ஒரு கோயில் முன்னாலோ இடிந்த மதில் முன்னாலோ நின்று அதைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும், மற்றபடி ஊர் சுற்றல்தான். ரோம் என்று முடிவானது. லோனெ பொடிசோடு வரலாமா என்பதை, வழக்கம்போல, வகுப்பே கைதூக்கி முடிவு செய்யட்டும் என்றார் சரித்திர வாத்தியார் ப்ரேபென்.

“கைக்குழந்தைய வெச்சுக்கிட்டா? ராத்திரி பூரா கத்தினா யாருப்பா தூங்கறது?” என்றான் படகுக்காரன் ஹென்னிங்.

“நீ விடற குறட்டைல குழந்தைதான் தூங்காது, பாவம்” என்றாள் குட்ருன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் எழுந்து நின்றாள். “இத பாருங்க, பாதிக் குழந்தை என் பொறுப்பு. லோனெ ஒரு கண்ணு, நான் ஒரு கண்ணு. உங்க யார் தலையிலயும் கட்ட மாட்டோம். போதுமா?”

குட்ருன் சொன்னால் அப்பீல் ஏது? எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஹென்னிங் இரண்டு கையையும் தூக்கினான்.

லோனெயின் வண்டி அம்மா காலத்து வண்டி. பெரிய சக்கரம், ஆழமான தொட்டி, மேலே மடக்குக் கூரை. அதை ரயிலில் ஏற்றி இறக்குவதற்குள் ஹென்னிங்குக்கு நாக்குத் தள்ளிவிட்டது. “இதுக்கு நான் படகையே ஓட்டிட்டு வந்திருப்பேன்” என்று வழியெல்லாம் புலம்பினான். ரோமின் கல்பாவிய தெருக்களில் அது கடகடவென்று உருள, பொடிசு அந்த ஆட்டத்திலேயே தூங்கிப்போகும். ரோமில் தெருப்பூனைகள் அதிகம் என்று குட்ருன் எங்கோ படித்திருந்தாள். அதனால் ஊரில் செய்வது போலவே வண்டித் தொட்டியின் மேல் பூனை வலையை இழுத்துக் கட்டிவிடுவார்கள். தூங்கும் குழந்தை மேல் பூனை ஏறிப் படுத்துவிடக் கூடாதே! மனிதர்களைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை.

ஒருநாள் மத்தியானம். மற்றவர்கள் இடிந்த மண்டபங்களைப் பார்க்கப் போய்விட்டார்கள். வட்டக் கூரைக் கோயிலைப் பற்றி குட்ருன் பேசவேண்டிய நாள் அது. சாயங்காலம் அங்கே எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. பொடிசுக்குப் பால் கொடுத்து, வண்டியில் படுக்கவைத்து, வலையைக் கட்டி, ஒரு காபிக் கடையின் ஜன்னலுக்குக் கீழே நிழலாகப் பார்த்து நிறுத்தினார்கள். சக்கரத்துக்குத் தடை போட்டார்கள்.

“டயபர் தீந்துபோச்சு. மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். பாத்துக்கறியா?” என்றாள் லோனெ.

“போடி, போ. ஜன்னலோரமா உக்காந்துதானே இருக்கேன்.”

உண்மையாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதைச் சொல்லியே ஆகவேண்டும், இந்த விஷயத்தில் அவள் மேல் ஒரு குற்றமும் கிடையாது. கண்ணாடிக்கு வெளியே வண்டியின் கூரை அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பால் காபியை உறிஞ்சிக்கொண்டு, சாயங்காலப் பேச்சை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு, இடையிடையே கூரையைப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் ஒரு வயதான அம்மாள் வண்டியருகே நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கொஞ்சப் போகிறாள் என்று நினைத்து குட்ருன் சிரித்துக்கொண்டாள். அந்த அம்மாளோ இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு ஓலமிட்டாள். எதிர்க்கடையிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். அப்புறம் இன்னொருத்தி. எங்கிருந்துதான் முளைத்தார்களோ, கண்மூடித் திறப்பதற்குள் தெருவே திரண்டுவிட்டது. யாரோ வலையைப் பிய்த்தார்கள். யாரோ பொடிசைத் தூக்கினார்கள். தூக்கம் கலைந்த குழந்தை வீறிட்டது. கடைக்குள் இருந்தவர்களும் எழுந்து ஜன்னல் பக்கம் வந்து, குட்ருனின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

பக்கத்து மேஜையில் இருந்த ஒரு வெள்ளைமீசைக்காரர் அவளிடம் ஜெர்மன் மொழியில் பேசினார். அது அவளுக்கு நன்றாகவே புரியும்.

“பாத்தியாம்மா அநியாயத்த! பெத்த குழந்தைய வலையப் போட்டு மூடி தெருவுல வீசிட்டுப் போயிருக்காளாம் ஒருத்தி. நாய்கூட இப்படிச் செய்யாது. அவளப் பிடிச்சு நடுத்தெருவுல நிக்கவெச்சு...”

‘இல்லீங்க, அது எங்க குழந்தை. தூங்குது. நான் பாத்துட்டுதான் இருக்கேன்.’ இவ்வளவுதானே சொல்லவேண்டியது? வாயைத் திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து யாரும் அவளைப் பார்த்துக் குரல் உயர்த்தியதில்லை. இப்போது ஒரு தெரு முழுவதும் கொதித்துப்போய் நின்றது, யாரைத் தேடுகிறது என்றால் அவளைத்தான். எழுந்து வெளியே போகவேண்டும், போகவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

போலீஸ்காரர் ஒருவர் உள்ளே வந்தார். கடைக்காரன் குட்ருனின் வெளிர்முடியைக் கைகாட்டி ஏதோ சொன்னான். போலீஸ்காரர் அவள் மேஜைக்கு வந்து, உடைந்த ஜெர்மனில் கேட்டார்.

“நீ வடக்கத்திப் பொண்ணா? இந்தக் குழந்தை யாருதுன்னு தெரியுமா?”

கடையே அவளைப் பார்த்தது. மீசைக்காரரும் பார்த்தார்.

“தெரியாது” என்றாள் குட்ருன்.

சொன்ன மறுகணமே அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. அதற்குள் வெளியே லோனெ வந்துவிட்டாள். டயபர் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, “என் குழந்தை! என் குழந்தை!” என்று டேனிஷ் மொழியில் கத்தினாள். யாருக்குப் புரியும்? ஒருத்தி அவளைப் பிடித்துத் தள்ளினாள். இன்னொருத்தி அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டி வைதாள். பொடிசை வைத்திருந்த அம்மாள் தரமாட்டேன் என்று திரும்பிக்கொண்டாள். லோனெ சுற்றும்முற்றும் பார்த்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள்.

குட்ருனும் அவளைப் பார்த்தாள். நடுவில் ஒரு கண்ணாடிதான். குட்ருன் சட்டென்று எழுந்து, கடையின் பின்பக்கம் இருந்த கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கூச்சல் அடங்கும்வரை, குழாயைத் திறந்துவிட்டு, அங்கேயே நின்றாள். இப்போதும் அவளுக்கு அந்தக் குழாய்ச் சத்தம் காதில் கேட்கும், நினைத்தால் உடம்பு கூசும்.

வெளியே வந்தபோது தெரு காலியாக இருந்தது. கிழிந்த வலை மட்டும் கல்லில் கிடந்தது. அதைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு ஓடினாள். இடிந்த மண்டபங்களுக்கு நடுவே ப்ரேபெனைத் தேடிப் பிடித்து, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

“நீ எங்க இருந்தே?” என்றார் அவர்.

“கழிவறைல இருந்தேன். வந்து பாத்தா யாரையும் காணல. போலீஸ் கூட்டிட்டுப் போச்சுன்னு கடைல இருந்த ஒருத்தர்தான் சொன்னார்.”

பாதி உண்மை, முழுப் பொய். அது அவ்வளவு சரளமாக வாயில் வந்தது அவளுக்கே திகைப்பாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் ப்ரேபென் போட்ட சத்தம் இருக்கிறதே! மொழிபெயர்க்க ஒரு பெண் வந்து சேர்வதற்கே வெகுநேரம் ஆனது. “எங்க நாட்டுல எல்லாக் குழந்தையும் வாசல்லதான் தூங்கும்! என் பிள்ளைங்க மூணும் கொட்டற பனியில தூங்கினதுதான், இப்ப மூணும் எருமை மாதிரி இருக்குங்க, வேணும்னா வந்து பாருங்க!” என்று அவர் மேஜையைத் தட்ட, அந்தப் பெண் அதை மொழிபெயர்க்க, அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எருமைக் கதை வருவதற்கு முன்னால் மத்தியானம் முழுவதும் கழிந்திருந்தது. வேறோர் அறையில் குழந்தை கத்துவதைக் கேட்டுக்கொண்டே லோனெ ஒரு மர பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளிடம் குழந்தையைக் கொடுக்கவில்லை. பால் கட்டி, கசிந்து, சட்டையின் முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. கோட்டை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்ததும் குட்ருனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

“லோனெ, நான் கழிவறைல இருந்தேன்டி. அதான்...”

“ம்” என்றாள் லோனெ.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் குட்ருன்தான் நாயகி. “நம்ம குட்ருன் மட்டும் ஓடி வரலன்னா லோனெ இப்ப கம்பி எண்ணிட்டு இருப்பா!” என்று ஹென்னிங் அவள் முதுகில் அறைந்தான். கோப்பைகளைத் தூக்கி அவள் பெயரைச் சொல்லிக் குடித்தார்கள். அவளும் கோப்பையைத் தூக்கினாள். என்ன ஜென்மம் நான் என்று தன்னையே வைதுகொண்டு குடித்தாள். மறுநாள் அவள் வட்டக் கூரைக் கோயில் முன் நின்று பேசியபோது, லோனெ கடைசியில் நின்றாள். வண்டியின் கைப்பிடியிலிருந்து அவள் கையை எடுக்கவே இல்லை.

ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. ப்ரேபென் போகிற இடமெல்லாம் கதையைச் சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் வண்டியைப் படம் எடுத்துப் போட்டான். ‘குட்ருன்கிட்ட சொல்லிட்டா கவலையில்ல’ என்பதற்கு இப்போது ரோமிலிருந்தே சான்று கிடைத்துவிட்டது. வாழ்த்துச் சொல்ல வருபவர்களைக் கண்டால் அவள் மீன்கடைப் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கேதான் மத்தியான வேலை பார்த்தாள். தன்னடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு! லோனெயிடம் சொல்லிவிடவேண்டும் என்று தினமும் கிளம்புவாள். தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுவாள்.

ஒருநாள் லோனெயே கடைக்கு வந்தாள்.

“பெந்தெகொஸ்தே ஞாயித்துக்கிழமை பொடிசுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயா நீதான் தூக்கணும்.”

குட்ருனின் கத்தி மீன் மேல் நின்றது. “நானா? உங்க அக்கா இருக்காளேடி. அவ மனசு வருத்தப்படாதா?”

“அக்கா வேண்டாம். போதகர்கிட்ட உன் பேரைக் குடுத்தாச்சு” என்றாள் லோனெ. கிளம்பும்போது, “நல்ல ஷூவா போட்டுட்டு வா. கோயில் தரை வழுக்கும்” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலின் முன்னறையில் இருவரும் நின்றார்கள். உள்ளே ஊரே உட்கார்ந்திருந்தது. நீண்ட வெள்ளை அங்கியில் பொடிசு குட்ருனின் கையில். இதற்கு மேல் தாங்காது என்று அவளுக்குத் தோன்றியது.

“லோனெ, ஒரு நிமிஷம். ரோம்ல நான்...”

“கழிவறைல இருந்தே. சொன்னியே.”

“இல்லடி. நான் வந்து...”

“தெரியும்.” லோனெ அங்கியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே பேசினாள். “ஜன்னல்ல உன்னைப் பாத்தேன், நீயும் என்னைப் பாத்தே. அதுவும் இல்லாம அந்த மொழிபெயர்ப்புக்காரம்மா கேட்டா. கடைல ஒரு வடக்கத்திப் பொண்ணு இருந்தா, குழந்தையத் தெரியாதுன்னுட்டா, அது உன்கூட வந்தவளான்னு. என்கூட யாரும் வரலன்னு சொன்னேன்.”

குட்ருன் குனிந்து ஷூவைப் பார்த்தாள். “என்னைக் காட்டிக் குடுத்திருந்தா உன்னை அப்பவே விட்டிருப்பாங்களே. ஏன்டி சொல்லல?”

“உன்னைக் காப்பாத்தணும்னு ஒண்ணும் இல்ல. உன் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரல. அவ்வளவு ஆத்திரம்.”

“இப்ப?”

“இப்பவும் இருக்கு.”

“அப்புறம் எதுக்குடி என்னைத் தூக்கச் சொல்றே?”

லோனெ நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“முன்னபின்ன தெரியாதவங்க முன்னாடி இவளைத் தெரியாதுன்னுட்டே. இங்க உனக்குத் தெரிஞ்ச அத்தனை பேரும் உக்காந்திருக்காங்க. இவங்க முன்னாடி சொல்லு. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும். பேரு தோரா.”

உள்ளே ஆர்கன் தொடங்கிவிட்டது. குட்ருன் குழந்தையை இறுக்கிக்கொண்டு நடந்தாள். இரண்டு பக்கமும் பழகிய முகங்கள் அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தன. ஹென்னிங் கண்ணடித்தான். ப்ரேபென் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார், ரோம் கதையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு சிரிப்பும் அவளைக் கூசவைத்தது.

“குழந்தையின் பெயர் என்ன?” என்றார் போதகர்.

குட்ருன் வாயைத் திறந்தாள். ரோமில் செய்தது போலவே மூடிக்கொண்டாள். போதகர் காத்திருந்தார். யாரோ இருமினார்கள். முன் பெஞ்சில் லோனெ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதவிக்கு வரமாட்டாள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

“தோரா!” என்றாள் குட்ருன். கத்திவிட்டாள் என்றே சொல்லவேண்டும். குழந்தை திடுக்கிட்டு விழித்தது. பெஞ்சுகளில் சிரிப்பலை ஓடியது. பிறகு போதகர் குழந்தையைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம், வழக்கப்படி, தூக்கிக்கொண்டிருப்பவள்தான் “ஆமாம்” சொல்லவேண்டும். ஒவ்வொரு ஆமாமும் கடைசி பெஞ்சுக்குக் கேட்டது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஞானத்தாய்க்கு எவ்வளவு பாசம் பார் என்று பெண்கள் உருகிப்போனார்கள்.

அதன் பிறகு ஊர்க்கூடத்தில் காபி, கேக், பாட்டு. தோராவை வண்டியில் படுக்கவைத்து, கூடத்தின் வெளிச்சுவரை ஒட்டி, மற்ற குழந்தைகளின் வண்டிகளோடு வரிசையாக நிறுத்தினார்கள். எல்லாரும் உள்ளே போனார்கள். குட்ருனும் வாசற்படி வரை போனாள். கை கதவில் பட்டது. அதற்கு மேல் போக முடியவில்லை. திரும்பி வந்தாள். தைத்துச் சரிபண்ணிக் கொண்டுவந்திருந்த பூனை வலையைப் பையிலிருந்து எடுத்து, தொட்டியின் மேல் கட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்றாள். சாரல் தொடங்கியது.

“ஏய் குட்ருன், அங்க என்ன பண்றே? இது லெம்விக்! ரோம் இல்ல!” என்று ஹென்னிங் ஜன்னலைத் திறந்து கத்தினான். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். “உள்ள வா, கேக் தீந்துடும்!”

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து லோனெ ஒரு கோப்பைக் காபியோடு வெளியே வந்தாள். வலையைப் பார்த்தாள், தையலை விரலால் தடவிப் பார்த்தாள். காபியை குட்ருனின் கையில் கொடுத்தாள். உள்ளே வா என்று சொல்வாள் என்று குட்ருன் எதிர்பார்த்தாள். கூப்பிட்டால் போய்விடலாம் என்றும் இருந்தது.

“சரி, நில்லு” என்று சொல்லிவிட்டு லோனெ உள்ளே போனாள்.